சோறு போடும் முன் நீட்டிய நோட்டு

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு இந்தக் கை எழுதியதெல்லாம் தோசை இரண்டு, வடை ஒன்று, காபி மூன்று என்று துண்டுச் சீட்டில் கிறுக்கியதுதான். அதையும் வாசிக்க முடியாமல் மாஸ்டர் அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் கேட்பார். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஒன்பதாவது படிக்கும் என் மகளிடம் இதைக் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். "இதைத் திருத்துறதுக்கு நானே புதுசா எழுதிருவேன்ப்பா" என்றாள். ஆனாலும் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தாள். அதைப் பார்த்து மறுபடியும் எழுதியிருக்கிறேன். இதற்கு மேலும் பிழை இருந்தால் அது என் கண்ணில் உள்ள கோளாறு.

ஆயுத பூஜை அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இருபத்தெட்டு வருசம் சப்ளையரா நின்னவரு, புதுப் பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்று மைக்கைக் கையில் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான் மைக்கைப் பிடித்தேன், தண்ணீர் குடித்தேன், பொரி கடலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தீர்களோ, பாவம் என்று தட்டினீர்களோ தெரியவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. போன மாதம் லீவு போட்டு, காலில் நரம்பு சுருட்டலுக்கு மருந்து வாங்கிவிட்டு, நம் கடையில் காபி குடிக்க உட்கார்ந்திருந்தேன். உங்களில் ஒரு தம்பி, ஒரு வண்டிக்காரர் உட்கார்ந்ததுமே நீட்டிய நூறு ரூபாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நல்லாக் கவனிச்சுக்க" என்று அவர் சொன்னதும் கேட்டது. நம் சப்ளையர் தாயில்பட்டியக்கா அதைப் பார்த்துவிட்டார். "ஏலே, சோறு போடுறதுக்கு முன்ன வாங்காத. போய்த் திருப்பிக் குடு" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். தம்பி திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, "குடுக்கிறவன் குடுக்கிறான், இந்த அக்காவுக்கு என்ன வந்துச்சு?" என்று முணுமுணுத்தார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினீர்கள்.

அக்காவுக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். எழுதலாமா என்று கேட்டேன். "என்னமும் எழுதுங்க. பேரை மட்டும் போடாதீக" என்றார். ஆகவே நாம் கடையில் கூப்பிடுகிற பெயரே இங்கேயும்.

டிப்ஸைப் பற்றி எனக்கு முதலில் ஒன்றும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒருவர் டம்ளருக்கு அடியில் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனார். மறந்துவிட்டார் என்று நினைத்து பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். சாத்தூர் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, பணத்தை விட்டுட்டு வந்துட்டீக" என்றேன். "ஒனக்குத்தாம்ப்பா வச்சேன்" என்றார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வந்த வெட்கத்தில் நோட்டை அவர் மடியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். கடையில் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "இவனுக்கு டிப்ஸ் வைக்கணும்னா விலாசத்தையும் எழுதி வைக்கணும்லே, வீட்டுல கொண்டு போய்க் குடுத்துருவான்" என்பார்கள்.

அந்த வெட்கம் போகவே இல்லை. பில்லைச் சோம்புத் தட்டில் வைத்துவிட்டால் நான் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன். மற்ற சப்ளையர்கள் துடைத்த மேசையையே இன்னொரு தடவை துடைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போவது மாதிரிப் போய்விடுவேன். ஆனால் என் தட்டில்தான் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். தலைக்கு மேல் ஆள் நிற்காவிட்டால் மனிதர்களுக்குக் கை தாராளமாக வரும் போலிருக்கிறது. வெட்கப்பட்டதால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

வைக்கிறவர்களும் பல விதம். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஏழெட்டுப் பேராக பரோட்டா சாப்பிட வருவார்கள். கிளம்பும்போது ஆளுக்கு ஒரு நாணயம் தட்டில் போடுவார்கள். ஒருத்தி போடாவிட்டால் மற்றவர்கள் விட மாட்டார்கள். "ஏட்டி, நீ மட்டும் மகாராணியா? போடுடீ" என்பார்கள். அந்தச் சில்லறை வந்து விழுகிற சத்தம் எனக்குப் பிடிக்கும். காலண்டர் ஆர்டர் கொடுக்க வருகிற வெளியூர் வியாபாரிகள் மடித்த நோட்டாக வைப்பார்கள். இப்போது செல்போனில் பணம் அடித்துவிட்டுத் தட்டில் சோம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நீங்கள் குறைப்படுகிறீர்கள். உங்கள் குறை நியாயம்தான். அதற்கு எனக்கு வழி தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது அக்காவின் கதை ஒன்றுதான்.

அக்கா நம் கடைக்கு வரும் முன்பு பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தவர். எந்த ஆலை என்பது வேண்டாம். ஒரு நாள் அறை தீப்பிடித்தது. அக்கா பிழைத்தார். இரண்டு கையும் முழங்கை வரை வெந்து ஆறியது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்தக் கையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் கேட்டதில்லை. இதெல்லாம் தாயில்பட்டி பஸ்ஸில் அவரோடு வருகிறவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது.

முதலில் ஒரு வருடம் அவரைப் பின்கட்டில் வைத்திருந்தார்கள். காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் வேலை. பிறகு ஒரு நாள் நேரே கல்லாவுக்கு வந்து முதலாளியிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, எனக்கு டேபிள் குடுங்க."

முதலாளி கையைப் பார்த்தார். உடனே பார்வையை மாற்றி மின்விசிறியைப் பார்த்தார். "கூட்டமான எடம்மா. வாளியத் தூக்கணும், ஓடணும்" என்றார்.

"பின்கட்டுல அண்டாவைத் தூக்குறேனே, அது என்ன இளக்கமா?"

முதலாளி சிரித்துவிட்டார். ஆனால் வியாபாரி அல்லவா, ஒரு முடிச்சுப் போட்டுத்தான் சம்மதித்தார். "இந்த சீசன் முழுசும் பாக்குறேன். ஒரு பார்ட்டி முகம் சுளிச்சாலும் பின்கட்டுக்குப் போயிரணும். பெறகு மேசைப் பேச்சே கூடாது."

"சரிங்க" என்றார் அக்கா.

ஒட்டிய விரலோடு சாம்பார் வாளியைப் பிடிக்க முடியாது. அக்கா வாளியின் கைப்பிடியில் துணியைச் சுற்றி உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தார். மூன்று நாளில் என்னைவிட வேகமாகப் பந்தி விசாரித்தார். நான் வியந்தது அதைக்கூட அல்ல. புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும், தண்ணீர் டம்ளரை அந்த வலது கையால்தான் வைப்பார். நிதானமாக, அவர்கள் கண்ணுக்கு நேராக வைப்பார். இடது கை அவ்வளவு மோசமில்லை, அந்தக் கையால் வைக்கலாமே என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாத்துக்கிடட்டும்ணே. பிடிக்கலைன்னா இப்பமே வேற டேபிளுக்குப் போயிரலாம். பாதிச் சோத்துல பாத்தா அவுகளுக்கும் தொண்டையில நிக்கும், எனக்கும் நிக்கும்."

அக்கா என்னைவிட இரண்டு வயது இளையவர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். அதற்கும் ஒரு சிரிப்பு உண்டு கடையில்.

ஆடிப் பதினெட்டு பூஜை முடிந்து பட்டாசு ஆர்டர் பேசுகிற நாட்கள் வந்தன. லாட்ஜுகள் நிறைந்துவிடும். வெளியூர் வியாபாரிகளை ஆலைகளுக்குக் கூட்டிப் போகிற ஏஜென்ட்டுகள், மதியம் நம் கடைக்குத்தான் சாப்பிட அழைத்து வருவார்கள். அவர்களில் ஒருவர் நமக்குப் பெரிய வாடிக்கை. சீசன் முழுக்க வாரத்துக்கு நாலு நாள் பத்துப் பேரோடு வருவார். கை தாராளமானவர், சிரித்த முகமாகப் பேசுகிறவர். அவரைக் கெட்டவர் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

ஒரு நாள் ஏசி ஹாலில் வழக்கமாக நிற்கிற பையன் வரவில்லை, அவன் கூடப்பிறந்தவளுக்கு வளைகாப்பு. முதலாளி வேறு வழியில்லாமல் என்னோடு அக்காவை உள்ளே அனுப்பினார். அனுப்பும்போது, "பெரிய பார்ட்டி. பாத்து" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. இந்த ஏஜென்ட் முகம் சுளித்தால் அக்கா பின்கட்டுக்குப் போய்விடுவார்.

ஏஜென்ட்டோடு ஏழு பேர் வந்தார்கள். இரண்டு மேசை. ஒரு மேசை எனக்கு. ஏஜென்ட் உட்கார்ந்த மேசை அக்காவுக்கு. அதில் நாக்பூர் பக்கமிருந்து வருகிற ஒரு பெரியவரும் இருந்தார். வெள்ளை மீசைக்காரர். வருடா வருடம் வந்து வந்து நம் தமிழில் பத்து இருபது வார்த்தை கற்று வைத்திருந்தார். அக்கா வழக்கம் போலத் தண்ணீர் வைத்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏஜென்ட் விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சில் இருந்தார், அவர் எதையும் கவனிக்கவில்லை. இலை போட்டு, பொரியலும் கூட்டும் வைத்தாகிவிட்டது. நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தச் சாப்பாடு அப்படியே முடிந்திருக்கும்.

அதுவரை யாரிடமும் போய் நின்று பேசாதவன், அன்றைக்குப் போய்ப் பேசினேன். அக்கா நிலைக்க வேண்டும் என்ற ஆசை. பெரிய பார்ட்டி கைநிறைய டிப்ஸ் வைத்தால் முதலாளி அசைந்து கொடுப்பார் என்று என் புத்திக்குத் தோன்றியது. ஏஜென்ட் கை கழுவ எழுந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணாச்சி, ஒங்க டேபிள் பாக்குற அக்கா, ஆலை விபத்துல கை வெந்தவுக. நல்லா வேலை செய்வாக. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்றேன்.

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"எந்த அம்மா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. நான்தான் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"ஏய்யா, ஒனக்கு நேரங்காலம் தெரியாதா? ஆர்டர் பேசுற எடத்துல வந்து அந்த வார்த்தையைச் சொல்ற" என்றார். கோபத்தைவிடப் பயம்தான் அவர் குரலில் அதிகம் இருந்தது. நம் ஊரில் வளர்ந்த நமக்கு இது தெரிய வேண்டும். பட்டாசு பேசுகிற மேசையில் விபத்து என்ற சொல்லை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். பூஜை போட்டு ஆரம்பித்த வியாபாரம். சொன்னவன் நான், இந்த ஊரிலேயே பிறந்தவன்.

அவர் திரும்பிப் போனபோது அக்கா சோற்றுத் தட்டோடு வந்துகொண்டிருந்தார். ஏஜென்ட் வழியிலேயே நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். நான் நாலடி தள்ளி நின்றேன்.

"இந்தாம்மா, வச்சுக்க."

"என்னது அண்ணாச்சி? இன்னும் சோறே போடலையே."

"இருக்கட்டும். நீ அந்த டேபிளப் பாரு. இங்கன அவரை வரச் சொல்லு."

அக்காவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. சோற்றுத் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அந்த வலது கையால் நோட்டை வாங்கி, மேசைக்குப் போய் ஏஜென்ட்டின் இலைக்குப் பக்கத்தில் டம்ளருக்கு அடியில் வைத்தார்.

"சாப்பிடுங்க. சாப்பிட்ட பெறகு ஒங்க மனசுக்கு என்ன தோணுதோ அதை வச்சுட்டுப் போங்க. வேலை பாக்காம நான் வாங்குறதில்ல."

கத்திச் சொல்லவில்லை. சாம்பார் வேண்டுமா என்று கேட்கிற அதே குரல்தான். ஆனால் மேசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏஜென்ட் முகம் சிவந்து, நேரே கல்லாவுக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் விரலால் கூப்பிட்டார்.

"என்ன அண்ணாச்சி ஒங்க கடையில? டிப்ஸுக்கு சிபாரிசு பண்ண ஆள் வச்சிருக்காக. கைகழுவுற எடம் வரைக்கும் வந்து கேக்குறாக. சரின்னு குடுத்தா வாங்காம நாலு பேர் முன்னால மூஞ்சியில அடிக்கிறாக" என்றார் ஏஜென்ட்.

டிப்ஸ் கேட்டு வாங்கினால் அன்றோடு சீட்டுக் கிழிந்தது என்பது அப்போதும் இப்போதும் நம் கடையின் சட்டம். முதலாளி அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ ஆள் விட்டுக் கேக்கச் சொன்னியா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. யார் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஹாலில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தானே. "நான் சொல்லல. இவருதான் போயிச் சொன்னாரு" என்று சொன்னால் அந்த இடத்திலேயே தப்பித்துவிடலாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றுத் தட்டை ஏந்தியபடி முதலாளியைப் பார்த்து நின்றார். சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"கேக்குறேன்ல? பேசாம நின்னா என்ன அர்த்தம்? இதுக்குத்தான் மேசை வேணும்னு கேட்டியா?"

தம்பிகளே, வேலையில் நெருக்கடி என்பது கூட்டம் நெரிவதோ இலை தீர்ந்துபோவதோ அல்ல. அதெல்லாம் ஓடினால் சரியாகிவிடும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வார்த்தை வர மாட்டேன் என்கிறதே, அதுதான் நெருக்கடி. வீட்டில் மகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் வேலை போனால் என்ன ஆகும் என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அக்கா தட்டின் பாரத்தை இடது கையிலிருந்து வலது உள்ளங்கைக்கு மாற்றுவதைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் வாய் வந்தது.

"நாந்தான் சொன்னேன்" என்றேன்.

முதலாளிக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன?"

"நாந்தான் கேட்டேன் அண்ணாச்சி. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. யாரும் சொல்லச் சொல்லல. நானாத்தான் போனேன்."

"நீயா?" முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "கல்யாணப் பத்திரிகை குடுக்க வந்தப்பகூட நீ வாயத் தொறக்கல. கவரை வச்சுட்டு ஓடுன ஆளு. நீ போயிக் கேட்டியா?"

ஏஜென்ட்டுக்கே சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தப்புதான்" என்றேன்.

முதலாளி மறுபடி நாற்காலியில் உட்காரும் முன் கண்ணாடிக் கதவு திறந்தது. நாக்பூர்ப் பெரியவர் தலையை நீட்டினார். உப்பும் ஊறுகாயும் வைத்த இலை முன்னால் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்?

"அண்ணாச்சி, சாதம் வருமா? அந்த அம்மா பொரியல் குடுத்தாங்க. பொரியல் முடிஞ்சு போச்சு" என்றார். அக்காவின் தட்டைக் காட்டி, "சாதம் இங்கே நிக்குது" என்றார்.

முதலாளி ஏஜென்ட்டைப் பார்த்தார். ஏஜென்ட் பெரியவரைப் பார்த்தார். ஆர்டர் கொடுப்பவரே சோறு கேட்கும்போது அவர் என்ன சொல்ல முடியும்? "போங்கம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"போயி மொதல்ல சோத்தப் போடு. மத்ததைப் பெறகு பேசிக்கிடலாம்" என்றார் முதலாளி. என் பக்கம் திரும்பி, "நீ அந்த டேபிளை முடிச்சுட்டு நாளையிலிருந்து பார்சல் கட்டப் போ. இந்த சீசன்ல ஹாலுக்குள்ள ஒன்னப் பாக்கக் கூடாது" என்றார். அது எனக்குப் பெரிய தண்டனை இல்லை. பார்சல் கட்டுகிற இடத்தில் யாரோடும் பேச வேண்டியதில்லை. டிப்ஸும் கிடையாது, அது வேறு.

ஹாலுக்குப் போகும் வழியில் அக்கா நடந்துகொண்டே சொன்னார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்காகப் பேசுனீக, சரி. இனிமே எனக்காகக் கேக்காதீக."

அந்த இரண்டும் வேறு வேறு என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு அக்கா பந்தி விசாரித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலாளி இன்னும் முடிவு சொல்லவில்லை, பின்கட்டு காத்திருக்கிறது. எதிரே முகம் கொடுக்காத ஏஜென்ட் இருக்கிறார். கையோ, காலோ, குரலோ பதறவில்லை. ஏஜென்ட்டின் இலைக்கும் மற்ற இலைக்கும் ஒரே அளவு நெய்தான் விழுந்தது. பெரியவர் சாம்பாரை ஒதுக்கி, தயிரை இரண்டு தடவை தொட்டுக்கொண்டதைப் பார்த்தார். நம் காரம் அவருக்கு ஆகவில்லை என்று அவரே சொல்லும் முன் கண்டுகொண்டார். உள்ளே போய் மிளகாய் தாளிக்காத பருப்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். பெரியவர் அதைப் பிசைந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவர் அந்தக் கையைப் பார்க்காமல் இல்லை. தண்ணீர் வைத்தபோதே பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்தார், அதன் பிறகு பசியைக் கவனித்தார்.

ஏஜென்ட் டம்ளருக்கு அடியில் இருந்த ஐநூறை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, பில்லைக் கட்டிவிட்டு, தட்டில் ஒன்றும் வைக்காமல் எழுந்தார். அது அவர் உரிமை. அதற்குப் பிறகும் அவர் வாடிக்கை நிற்கவில்லை. ஆனால் எத்தனையோ சீசன் வந்து போயும் அக்காவின் மேசையில் அவர் உட்கார்ந்ததில்லை. நடந்ததைத்தான் எழுதுகிறேன், அவர் மனம் மாறினார் என்று என்னால் பொய் எழுத முடியாது.

பெரியவர் கடைசியாக எழுந்தார். இடுப்பில் கட்டியிருந்த பையைத் திறந்து, என் மேசைச் சோம்புத் தட்டில் ஒரு நோட்டு, அக்கா மேசைச் சோம்புத் தட்டில் ஒரு நோட்டு வைத்தார். இரண்டு சிட்டிகை சோம்பை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நன்றி என்றோ பாவம் என்றோ ஒரு வார்த்தை இல்லை.

ஹாலில் நானும் அக்காவும்தான் இருந்தோம். அக்கா தன் தட்டிலிருந்த நோட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு என் மேசையை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, ஒங்களுக்கு எம்புட்டு வச்சிருக்காரு?"

"இருபது."

"பிரிச்சுப் பாருங்க. நல்லாப் பாருங்க. உள்ள ஒண்ணும் மடிச்சு வைக்கலையே?"

பிரித்துக் காட்டினேன். ஒரே ஒரு இருபது ரூபாய் நோட்டு.

"எனக்கும் இருபதுதான்" என்றார் அக்கா.

மேசைக்கு வந்த நாளிலிருந்து அவர் தட்டில் ஐம்பதும் நூறும் விழுந்திருக்கின்றன. கையைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்துவிட்டுப் போவார்கள். அக்கா அவற்றை ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. அப்படியே கொண்டுபோய்ப் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக அவர் ஒரு நோட்டை மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொள்வதைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே செருகினார். பல் தெரியச் சிரித்தார்.

கதவைத் திறந்து முதலாளி எட்டிப் பார்த்தார். எச்சில் இலைகளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"என்னத்த சிரிச்சுக்கிட்டு நிக்கிறீக ரெண்டு பேரும்? வெளிய குடும்பத்தோட வந்து கால் கடுக்க நிக்கிறாக. எலையை எடுத்துட்டு மேசையத் தொடைம்மா" என்று, பின்கட்டுப் பேச்சே எடுக்காமல், எங்கள் எல்லாரையும் விரட்டுகிற குரலில் அக்காவை விரட்டினார்.

"இந்தா எடுத்துட்டேன் அண்ணாச்சி" என்று அக்கா இலையை மடித்தார்.

எழுதி முடித்தது: தீபாவளிக்கு மறுநாள், மதியம், சிவகாசி.